காய்ச்சலும் பல்வலியும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில்

சிவகாசி வட்டாரத்தில் பல் டாக்டரிடம் போகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் கையில் சம்பளம் வந்திருக்கும். மறுநாள் பட்டாசு ஆலை வேன் வராது. வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்து, சொத்தைப் பல்லை எடுக்கவோ, பாதியில் நிற்கிற வேர் சிகிச்சையைத் தொடரவோ வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். மற்ற ஆறு நாளில் எந்த நாள் வந்தாலும் கூலி போகும். பீஸ் ரேட்டில் வேலை பார்க்கிறவருக்கு ஒரு நாள் லீவு என்றால் அந்த நாளின் வருமானம் மொத்தமும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உடம்பு சுட்டால்? மூக்கடைத்து, தொண்டை கட்டி, இருமல் விடாமல் வந்தால்? வாங்கிய தேதிக்குப் போவதா, வேறு தேதி கேட்பதா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் இதற்கு நாம் பெரும்பாலும் தலைகீழான விடையையே கொடுத்து வருகிறோம். வீட்டில் படுத்திருக்க வேண்டிய காய்ச்சலோடு பல் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காய்ச்சலுக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போகிறோம். இரண்டிலும் முடிவைத் தீர்மானிப்பது நோய் இல்லை, கூலி.

ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிறு, சிவகாசியில் ஒரு பல் மருத்துவமனையின் பெஞ்சில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும் ஒரு அம்மா, துண்டால் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தார். வலது கீழ்த்தாடை காதடி வரை வீங்கி, தோல் இழுத்து மினுமினுத்தது. நகக்கண்களில் அலுமினியப் பவுடரின் சாம்பல் நிறம் கழுவியும் போகாமல் நின்றிருந்தது. கூட வந்த மகள்தான் பேசினாள். அம்மாவால் ஒரு விரல் நுழையும் அளவுக்குமேல் வாயைத் திறக்க முடியவில்லை. ஒரு வாரத்துக்கும் மேலாகக் காய்ச்சல். "தீபாவளிச் சரக்கு முடியட்டும்னு இருந்துட்டாங்க சார்" என்றாள். அவர்களுக்கு அடுத்து ஒரு இளைஞர். கண்கள் சிவந்து, அவ்வப்போது உடம்பு நடுங்க உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பல்லில் அன்றைக்குப் பெரிய வலிகூட இல்லை. எப்போதோ வாங்கிய தேதி அது. "இன்னைக்கு விட்டா அடுத்த ஞாயிறுதான், அப்புறம் கிடைக்குமோ என்னமோ" என்பதற்காக வந்திருந்தார்.

டாக்டர் அந்த அம்மாவின் தாடைக்கு அடியில் அழுத்திப் பார்த்தார். நாக்கைத் தூக்கச் சொன்னார். முடியவில்லை என்றதும் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து உடனே அனுப்பிவைத்தார். இளைஞரின் பல்லைத் தொடவே இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர் முகம் வாடிப் போனது. ஆனாலும் அன்று அந்த அறையில் நடந்த இரண்டும் சரியான வைத்தியம் என்றே நினைக்கிறேன்.

எல்லாம் ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது. இந்தக் காய்ச்சல் பல்லிலிருந்து வருகிறதா, வேறு எங்கிருந்தாவது வருகிறதா?

பல்லிலிருந்து வருகிற காய்ச்சலை முதலில் சொல்கிறேன், உயிரை எடுப்பது அதுதான் என்பதால். சொத்தை ஆழமாகப் போய்ப் பல்லின் நடுவில் இருக்கும் நரம்புச் சதையைத் தொட்டுவிட்டால் அது அழுகிச் செத்துப்போகிறது. கிருமிகள் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகின்றன. இந்தக் கட்டத்தில் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். நரம்பு செத்ததும் விண்விண்ணென்று தெறித்த வலி சட்டென்று குறைந்துவிடும். 'பரவாயில்லை, கிராம்பு வேலை செய்துவிட்டது' என்று தோன்றும். உள்ளே சீழ் கூடிக்கொண்டே இருக்கும். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற அமாக்ஸிசிலின் வீக்கத்தைக் கொஞ்ச நாள் அடக்கும். ஆனால் செத்த சதைக்குள் ரத்த ஓட்டமே இல்லாதபோது அந்த மருந்து கிருமியின் கூட்டுக்குள் எப்படிப் போய்ச் சேரும்? பல்லைத் திறந்து சீழை வெளியேற்ற வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். அதுவரை மாத்திரை நாளைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

கீழ்த்தாடையின் கடைசிக் கடவாய்ப் பற்களில் ஆபத்து இன்னும் அதிகம். அவற்றின் வேர் நுனி, வாயின் தரையாக இருக்கும் தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். அங்கே உடைகிற சீழ் வாய்க்குள் வராமல் கழுத்துப் பக்கம் பரவும். நாக்கின் அடிப்பகுதி இரண்டு பக்கமும் கல்லாக இறுகி, நாக்கு மேலே தூக்கப்பட்டு, மூச்சுக்குழாய் அடைபடும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-ல் விவரித்த நிலை இது. இன்றும் மருத்துவ மாணவர்கள் அவர் பெயரால்தான் இதைப் படிக்கிறார்கள். காய்ச்சலோடு கன்னம் வீங்கியிருக்கிறது, வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்கினால் வலிக்கிறது, குரல் மாறுகிறது என்றால் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கக் கூடாது. மூச்சு திணறினால் 108-ஐ அழைக்க வேண்டும். அங்கே பல் டாக்டரின் சின்ன கிளினிக் போதாது. மூச்சுக்குழாயைக் காப்பாற்றத் தெரிந்த பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதற்கு முன்னால், இப்படிப்பட்டவர்களை 70 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி மதுரை பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தத் தூரம் பாதிக்கும் குறைவு. வீட்டில் கடத்துகிற நாட்கள் மட்டும் குறையவில்லை.

இப்போது அந்த இளைஞரின் காய்ச்சல். அதை ஏன் டாக்டர் அப்படித் திருப்பி அனுப்பினார்?

ஐப்பசி, கார்த்திகை என்றால் நம் பக்கம் மழை. மழை என்றால் டெங்கு. தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக் கிடக்கும் வாரங்களும் அதேதான். கையில் போனஸ் இருக்கும், நேரம் இருக்கும், வருடம் முழுக்கத் தள்ளிப்போட்ட பல் வேலையை எல்லோரும் அப்போதுதான் முடிக்கப் பார்ப்பார்கள். டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். முதல் இரண்டு மூன்று நாட்களில் அது சாதாரணக் காய்ச்சலைப் போலவே இருக்கும். அந்த நிலையில் பல்லைப் பிடுங்கினால் ரத்தம் உறையாமல் போகலாம். அதைவிட மோசம், பல் வலிக்கென்று கொடுக்கிற டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகள். டெங்குக் காய்ச்சலில் அவற்றைத் தொடக்கூடாது. பாராசிட்டமால் மட்டும்தான். ஆக, மழைக்காலத்தில் காய்ச்சலோடு வருகிறவரின் பல்லில் கை வைக்கும் முன் ரத்தத்தைப் பார்ப்பது டாக்டரின் கடமை. 'அலைய விடுகிறார்' என்று கோபப்படுவதில் நியாயமில்லை.

சாதாரண சளி, இருமலுக்கும் தேதியை மாற்றுவதே நல்லது. மல்லாக்கப் படுக்க வைத்து, வாயில் தண்ணீர் நிரம்ப, அதிவேகத்தில் சுழலும் கருவியால் பல்லைத் தோண்டும்போது மூக்கால் மூச்சு விட வேண்டும். மூக்கே அடைத்திருந்தால்? கருவி வாய்க்குள் இருக்கும்போது இருமினால் கன்னமும் நாக்கும் கிழியும். அந்தக் கருவியின் தண்ணீர்ச் சாரல் எச்சிலையும் சேர்த்துப் புகையாக அறை முழுக்கப் பரப்பும். அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர் சர்க்கரை நோயுள்ள பெரியவராகவோ கர்ப்பிணியாகவோ இருக்கலாம். கொரோனா காலத்தில் இதை நாடே படித்தது. 2020 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் பல் மருத்துவர்களுக்குக் கொடுத்த வழிகாட்டுதலில், நோயாளியை முதலில் தொலைபேசியில் விசாரியுங்கள், சிவப்பு மண்டலங்களில் அவசர சிகிச்சை மட்டும் செய்யுங்கள் என்று இருந்தது. நோய் பயம் போனதும் தொலைபேசியில் விசாரிக்கிற அந்த நல்ல பழக்கத்தையும் சேர்த்தே கைவிட்டுவிட்டோம்.

உதட்டோரம் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள் வந்திருந்தாலும் அவை காய்ந்து உதிரும்வரை பொறுக்கலாம். அந்தக் கிருமி டாக்டரின் விரலுக்கும் கண்ணுக்கும் தாவக்கூடியது. இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. கடும் சளியில் மேல்தாடைக் கடவாய்ப் பற்கள் எல்லாம் சேர்ந்து வலிக்கும். கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையில் நீர் கோத்துக்கொள்வதுதான் காரணம். அந்த அறையின் தரைக்கு ஒட்டியே இந்தப் பற்களின் வேர்கள் நிற்கின்றன. குனிந்தால் வலி கூடுகிறது, எந்தப் பல் என்று விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை என்றால் குற்றவாளி பல்லாக இருக்க வாய்ப்புக் குறைவு. சளி இறங்கினால் வலியும் இறங்கிவிடும். அவசரப்பட்டுப் பிடுங்கிய பல் திரும்ப வராது.

பட்டாசுப் பகுதிக்கென்று தனியாகச் சில விஷயங்கள் இருக்கின்றன. கந்தகம், வெடியுப்பு, அலுமினியப் பவுடர் என்று நாள் முழுக்கத் தூசியில் உட்காருகிறவருக்கு இருமல் வருடம் பூராவும் இருக்கிறது. 'இருமல் இருந்தால் வராதீர்கள்' என்று பொதுவாகச் சொன்னால் அவர் ஒருநாளும் பல் டாக்டரைப் பார்க்க முடியாது. ஆகவே டாக்டரிடம் முதலில் செய்கிற வேலையைச் சொல்ல வேண்டும். மருந்து கலக்குகிறேனா, செலுத்துகிறேனா, திரி வைக்கிறேனா, பெட்டி ஒட்டுகிறேனா, எவ்வளவு காலமாக இருமல் என்று சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிற இருமலாக இருந்து, எடையும் குறைந்தால், பல்லுக்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அது இலவசம்.

சளி மாத்திரை விஷயம் இன்னும் கவலையானது. மூக்கொழுகலுக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் பலவும் தூக்கத்தைக் கொண்டுவருபவை. அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் படுத்தால் பெரிய கேடு ஒன்றும் வந்துவிடாது. அதைப் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை காலையில் மருந்து அறைக்குள் போகிறார்களே, அங்கே ஒரு கைதவறல், ஒரு உராய்வு போதும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அதற்குக் காரணம் மாத்திரை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப்பட்ட அறைகளில் கண் சொக்கியபடி ஒருவர் உட்காரக் கூடாது என்பதைத்தான் சொல்கிறேன். பல் எடுத்த அன்றும் அப்படியே. பஞ்சைக் கடித்தபடி, வாய் மரத்த நிலையில், தூசிக்குள் போய் உட்கார வேண்டாம்; அந்தக் கையோடு வாயில் பஞ்சைத் தொடவும் வேண்டாம்.

அப்படியானால் ஏன் உடம்புக்கு முடியாததைச் சொல்லாமல் மறைக்கிறோம்? பாராசிட்டமால் போட்டுச் சூட்டை இறக்கிக்கொண்டு ஏன் டாக்டர் முன்னால் உட்காருகிறோம்? இதற்குச் சிவகாசியின் இன்னொரு தொழிலான தீப்பெட்டித் தொழிலுக்குள்ளேயே ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வெள்ளைப் பாஸ்பரஸில் தீக்குச்சி செய்த பெண்களுக்குத் தாடை எலும்பு அழுகும் நோய் வந்தது. தொடக்கம் வெறும் பல்வலிதான். சொத்தைப் பல் இருப்பவர்களைத்தான் அது முதலில் பிடித்தது. ஆனால் பல்வலி என்று வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தில் மறைத்தார்கள். 1888-ல் லண்டன் பிரையண்ட் அண்ட் மே ஆலையின் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்காகப் பத்திரிகையில் எழுதியவர், பின்னாளில் நம் அடையாறில் வாழ்ந்த அன்னி பெசன்ட். நோயாளிகளின் விவரத்தை அரசிடம் தெரிவிக்காததற்காக 1898-ல் அதே நிறுவனம் அபராதமும் கட்டியது. 1906-ல் பெர்ன் நகரில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிக்கு எதிராகச் சர்வதேச உடன்படிக்கை வந்தது. 1913-ல் இந்தியாவில் அதைத் தடைசெய்து சட்டம் வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தபோது அந்த விஷம் ஏற்கெனவே போயிருந்தது. அந்த வகையில் சிவகாசி தப்பித்தது. ஆனால் வலியைச் சொன்னால் கூலி போகும் என்கிற ஏற்பாடு மட்டும் இங்கேயும் தொடர்கிறது. லண்டன் பெண்கள் முதலாளியிடம் மறைத்தார்கள். நம் பெண்கள் டாக்டரிடமும் சேர்த்து மறைக்கிறார்கள்.

இதில் ஒரு பகுதியை டாக்டர்களே தீர்க்க முடியும். நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. காய்ச்சலால் தேதியை மாற்றுகிறவரின் முன்பணம் அடுத்த தேதிக்கு அப்படியே செல்லட்டும். அடுத்த தேதி மூன்று வாரம் தள்ளிப் போகாமல் இருக்கட்டும். ஒரு நாற்காலி காலியாக நின்றால் டாக்டருக்கும் நஷ்டம்தான். வாடகை, கருவிகளைக் கிருமிநீக்கம் செய்து தயார்செய்த செலவு எல்லாம் இருக்கிறது. அதற்குத்தான் முந்தின நாள் ராத்திரியே ஒரு போன் பேசிவிடுவது. "டாக்டரம்மா, உடம்பு சுடுது. நாளைக்கு வரட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டால் போதும். அந்தப் பக்கத்திலிருந்து மூன்று கேள்வி வர வேண்டும்: "கன்னம் வீங்கியிருக்கா? வாய் நல்லாத் திறக்குதா? எச்சில் முழுங்க முடியுதா?" இந்த மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் "உடனே வாங்க" என்பதுதான் பதில். மூன்றும் சரியாக இருந்து வெறும் சளிக் காய்ச்சல் என்றால், "குணமாகட்டும்மா, மாத்திரை போடாமலே ஒரு நாள் முழுக்கச் சூடு இல்லாம இருந்த பிறகு கூப்பிடுங்க" என்று சொல்லலாம். போனை எடுப்பவர் வரவேற்பில் இருக்கும் பெண்ணாக இருந்தாலும் இந்தக் கேள்விகளைக் கற்றுக்கொடுத்துவிடலாம். பல் டாக்டர் கிடைக்காத நேரத்தில் அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. காய்ச்சலில் சாப்பிடாமல், ஆனால் வழக்கமான மருந்தைப் போட்டுக்கொண்டு பல் எடுக்க வராதீர்கள். நாற்காலியிலேயே மயக்கம் வந்துவிடும்.

சிகிச்சைக்குப் பிறகு வருகிற காய்ச்சலையும் விட்டுவிட முடியாது. திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் 2023-ல் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய மூளைத் தொற்றில் எட்டுப் பேர் இறந்தார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா, சுத்தமில்லாத முறையில் திறந்து திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சலைன் பாட்டில் வழியாகப் பரவியிருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2025-ல் வெளியிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பல் டாக்டரிடமே போக மாட்டேன் என்றவர்களும் உண்டு. அந்தப் பயம் புரிகிறது. ஆனால் பயந்து தள்ளிப்போட்ட பல்லும் கழுத்துக்குள் சீழாக இறங்கத்தான் செய்யும். உறை பிரிக்காத ஊசியா, ஆட்டோகிளேவில் கிருமிநீக்கம் செய்த கருவியா, புதிதாகத் திறந்த சலைனா என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. பல் எடுத்துச் சில நாளில் காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, கண் சொருகல் எதுவானாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், பல் வேலை செய்துகொண்டதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

மீதிப் பகுதி டாக்டர்களின் கையில் இல்லை. சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இருக்கிற தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை உண்டு. ஆனால் இ.எஸ்.ஐ. விதிகளில் ஒரு நிபந்தனை: நோயின் முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் கிடையாது, 15 நாளுக்குள் திரும்ப நோய் வந்தால் மட்டும் விலக்கு. நீண்ட நோயை மனதில் வைத்து எழுதிய விதி அது. பல் விஷயத்தில் இது நேர் எதிராக வேலை செய்கிறது. சீழ் கட்டத் தொடங்கும்போதே ஒரு நாள் லீவு எடுத்துப் பல்லைத் திறந்துகொண்டவருக்கு ஒரு பைசா இல்லை. கழுத்து வரை வீங்கவிட்டு வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுத்தவருக்குப் பணம் உண்டு. சம்பாத்தியத்தை நம்பி ஒரு குடும்பம் இருக்கும்போது அந்த அம்மா ஏன் ஒரு வாரத்துக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. பதிவேட்டில் பெயரே இல்லாமல் ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும், வீட்டில் இருந்து பெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை, நோய்க்கால உதவி இரண்டுமே இல்லை.

பல்லில் சீழ், பல் எடுத்தல், வேர் சிகிச்சையின் முதல் நாள் ஆகியவற்றுக்கு இந்த இரண்டு நாள் காத்திருப்பை நீக்க வேண்டும். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. பதிவேட்டில் இல்லாதவர்களின் ஒரு நாள் பல் சிகிச்சைக் கூலியை அது கொடுக்கலாம். ஆலை உரிமையாளர் சங்கங்கள் ஒன்று செய்யலாம்: தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களிலும், பங்குனி, சித்திரைப் பொங்கல் விடுமுறைகளிலும் கிராமத்துக்கு ஒரு பல் முகாம். முகாமின் வாசலில் ஒரு நர்ஸ் தெர்மாமீட்டரோடு உட்காரட்டும். சூடு இருந்து கன்னம் வீங்காதவருக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டும் அடுத்த முகாமின் தேதியும். சூடும் வீக்கமும் சேர்ந்திருப்பவருக்கு அங்கேயே நிற்கிற வண்டியில் விருதுநகர்.